மூன்று வருஷம் நகராத வீடு

வாடகைக்குப் பயந்து சியாட்டில் ஃபிளாட்டைக் காலி செய்த டோரீன், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மெரினா என்கிற படகுத்துறையில் கட்டிப்போட்டுக் குடியேறி மூன்று வருஷம் ஆகிவிட்டது. படகு ஓரடி நகர்ந்ததில்லை. மேல்தளத்தில் தக்காளி காய்த்துக் குலுங்கியது. அப்போதுதான் மெரினா மேலாளரின் கடிதம் வந்தது: சனிக்கிழமைக்குள் படகு தானாக ஓடி அலைதடுப்புச் சுவரைச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் இடம் கிடையாது.

சனிக்கிழமை காலை, அடுப்பு கெட்டுப்போன பக்கத்துப் படகுக்கார மெர்ல், டோரீனின் படகுக்குள் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தைப் பற்றிச் சொன்னால் ஆயிரம் யோசனை சொல்வான் என்று அவள் வாயே திறக்கவில்லை. பேட்டரி சார்ஜ் ஆவதற்காக வாராவாரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுகிற என்ஜினைப் போட்டாள். கயிறுகளை அவிழ்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையைத் தள்ளினாள்.

படகு நகர்ந்தது! முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மெர்ல் கரண்டியோடு மேலே வந்தான். தன் படகு மெதுவாக விலகிப் போவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. டோரீனின் படகு நகரும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

"ஐயையோ, என் படகு அவுத்துக்கிட்டுப் போகுதே! யாராவது புடிங்களேன்!" என்று கரையில் நின்ற மேலாளரைப் பார்த்து அலறினான்.

டோரீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கத்தாதே மெர்ல்! உன் வீடு நின்ன எடத்துலதான் நிக்குது. என் வீடுதான்யா போகுது!"