போப்பியின் அப்பா

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பாடவேளைக்கு மணி அடித்தபோது யாக்குமிஸ் இரண்டாம் வகுப்பு அறைக்கு வெளியே, குழந்தைகள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். பெற்றோர் வந்து பேச வாரத்தில் அந்த ஒரு பாடவேளைதான். பிள்ளைகள் கீழே முற்றத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கைகளைச் சோப்பிலும் பிறகு எலுமிச்சையிலும் கழுவியிருந்தான். மீன் வாசம் போகவில்லை.

மனைவி ஃபிலியோ ரொட்டிக்கடை வேலையை விட்டு வர முடியாது. காலையில் அவனை வாசலில் நிறுத்திச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கடல் எப்படி, காத்து எப்படின்னு பேசிட்டு வந்துடாதே. படிப்பைப் பத்திக் கேளு. அவளுக்கு ஏன் படிக்க வரலைன்னு கேளு."

"கேக்கறேன்."

"என்ன கேப்பே? சொல்லு."

"ஏன் படிக்க வரலைன்னு."

"ஆங்."

கதவு திறந்தது. அண்ணன் நிக்கிதாஸின் மனைவி அர்கிரோ வெளியே வந்தாள்.

"அண்ணி," என்றான்.

சுவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அர்கிரோவுக்கு எப்போதும் யாருடனாவது சண்டை இருக்கும். இன்று ஆசிரியையுடன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஆசிரியை இவந்தியா சின்னப் பெண். அக்டோபரில் லாரிசாவிலிருந்து வந்தவள். கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி வந்து இறங்கினாள் என்பது தீவு முழுக்கத் தெரியும். இப்போது களைத்துப்போய், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம் டீச்சர். நான் போப்பியோட அப்பா."

"போப்பி அப்பாவா!" அவள் முகம் மலர்ந்தது. "வாங்க, உட்காருங்க. உங்களுக்கு நான் என்ன சொல்றது? சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"அவ்வளவு நல்லாப் படிக்கறா."

"படிக்கறாளா?"

"வகுப்புல முதல்ல கை தூக்கறவ அவதான். வெறுமனே படிக்க மாட்டா, குரலை மாத்தி மாத்திப் படிப்பா. நண்டுக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல். பசங்க சிரிச்சுச் சிரிச்சுக் கீழ விழறாங்க. நானே ஒருநாள் விழுந்தேன்."

யாக்குமிஸ் தொப்பியைக் கையில் சுருட்டினான். வீட்டில் புத்தகத்தை எடுத்தால் போப்பிக்குத் தலை வலிக்கும். இல்லாவிட்டால் வயிறு. ஃபிலியோ குரலை உயர்த்தினால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எழுத்தெல்லாம் நகருது என்பாள். அவள் நண்டின் குரலில் படித்ததை யாரும் கேட்டதில்லை.

அண்ணன் மகளைச் சொல்கிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது.

அண்ணன் மகள் பெயரும் கலியோப்பி தீமு. செத்துப்போன அம்மாவின் பெயர். ஒரே குளிர்காலத்தில் இரண்டு வீட்டிலும் பெண் பிறந்தது. இருவரில் யாரும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் மட்டும் ஊர் சும்மா இருக்குமா? வீட்டில் செல்லமாக இரண்டு பேரும் போப்பிதான். மாடிப்படியில் நின்று போப்பி என்று கூப்பிட்டால் மேலே ஒரு தலையும் கீழே ஒரு தலையும் எட்டிப் பார்க்கும்.

ஆனால் தினமும் பார்க்கிற டீச்சருக்கா தெரியாது?

"எங்க போப்பியைத்தானே சொல்றீங்க?"

"பின்னே? படகுக்காரர் பொண்ணு."

படகு இரண்டு பேருக்கும் பொது.

"பச்சைப் பை வெச்சிருப்பாளே?"

"அதேதான், பச்சைப் பை. முன்பல் விழுந்து, ஸ ஸன்னு காத்தாப் பேசுவா. கேக்கவே அழகா இருக்கும்."

பை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது. பல்லும் இரண்டு பேருக்கும் விழுந்திருந்தது. எதைச் சொன்னாலும் அவன் மகளுக்குச் சரியாக இருந்தது. படிப்பைத் தவிர.

இவந்தியா ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது அவ எழுதினது. யார் உதவியும் இல்லாம."

அவன் மெதுவாகப் படித்தான். அவனுக்கும் எழுத்து எளிதில் ஓடாது. *எங்கள் படகுக்கு என் பெயர். அப்பா அதைத் திட்டுவார். என்னைத் திட்டமாட்டார்.* தலைப்பில் கலியோப்பி தீமு என்று நேராக, கோட்டைத் தாண்டாமல் எழுதியிருந்தது.

அது அவன் மகளின் பெயர்தான். படகின் பெயரும் அதுதான். அவன் படகைத் திட்டுவதும் உண்மை. மகளைத் திட்டியதே இல்லை.

வீட்டில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையுமாக இருக்க முடியாதா? அவனே கரையில் ஊமை, கடலில் பாடுவான். ஃபிலியோவுக்கு அது தெரியுமா? அம்மாவின் சத்தத்துக்குப் பயந்து எழுத்து நகர்ந்திருக்கலாம். இங்கே நகராமல் நின்றிருக்கலாம்.

"வீட்டுல கொஞ்சம்... பயப்படுவா," என்றான்.

"எங்கிட்ட அப்படியே இல்லையே. வீட்டுல என்ன செய்யறீங்களோ அதையே செய்யுங்க. மாத்தாதீங்க." அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களை மாதிரி ஒருத்தர் வந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சில பேர்கிட்ட சொல்றது ரொம்பக் கஷ்டம். இப்பகூட..."

முடிக்கவில்லை. அர்கிரோவின் முகம் அவனுக்கு நினைவு வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டான்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் ஆசிரியை. "அவளை ஓரமா உட்கார வெச்சிருக்கேன். தண்டனைன்னு நினைச்சுடாதீங்க. இடது கைக்காரி இல்லையா, பக்கத்துப் பையனுக்கு முழங்கை இடிக்குது."

யாக்குமிஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மகள் வலது கையால்தான் ரொட்டி பிய்ப்பாள், கல் எறிவாள், எழுத முடியாமல் பென்சிலைத் தூக்கிப் போடுவாள். இடது கை நிக்கிதாஸின் வீட்டில்தான். அண்ணன் போட்ட முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கும். இருட்டில் அவிழ்க்கும்போது இவன் அவனைத் திட்டிக்கொண்டே அவிழ்ப்பான்.

இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

"எங்க அண்ணனும் இடது கைதான்," என்றான்.

"குடும்பத்துல வரும்," என்று சிரித்தாள் இவந்தியா.

அவன் சொன்னதில் பொய் இல்லை. எழுந்து கை கொடுத்தான். அவள் கையில் மீன் வாசம் ஒட்டியிருக்கும் என்று நடைபாதையில்தான் நினைவு வந்தது. அதற்குள் ஃபிலியோ போனில் அழைத்துவிட்டாள். பின்னால் ரொட்டி அடுப்பின் இரைச்சல் கேட்டது.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாப் படிக்கறாளாம்."

"யாரு?"

"போப்பி."

"நம்ம போப்பியா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழறியா?"

"மாவு. மூக்குல மாவு." பிறகு, "நான் அவளை எவ்வளவு திட்டியிருக்கேன் யாக்குமி. நேத்துகூட. சாயங்காலம் கேக் எடுத்துட்டு வரேன், அவகிட்ட சொல்லாதே."

"ஃபிலியோ, இரு..."

வைத்துவிட்டாள்.

பள்ளி வாசலில், மின்கம்பத்தின் கீழ் அர்கிரோ நின்றிருந்தாள். இரண்டு சிகரெட் குடித்து முடித்திருந்தாள். மூன்றாவதைப் பற்றவைக்காமல் வைத்திருந்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள்.

"என்ன அண்ணி?"

"என் பொண்ணுக்கு எழுத்தே பிடிபடலையாம். தலைகீழா எழுதறாளாம், வரி தாண்டறாளாம். கலியோப்பி அம்மான்னு நான் சொன்னதுமே அந்த டீச்சர் பொண்ணு முகம் செத்துப்போச்சு. தண்ணி கொண்டுவந்து குடுத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சா."

"வீட்டுல படிக்கறாளே."

"அதான் சொல்றேன்! இந்தக் கம்பத்துல ஒட்டற சாவு நோட்டீஸைக்கூட விட மாட்டா. இன்னார் செத்தாங்க, இத்தனை மணிக்கு அடக்கம்னு தெருவே கேக்கற மாதிரி படிப்பா. எனக்கு மானம் போகும்." சிகரெட்டை விரலில் உருட்டினாள். "எல்லாம் மனப்பாடமோ என்னவோ. யாரோ பேசறதைக் கேட்டுட்டுச் சொல்றா. நான்தான் மண்டு, படிக்கறான்னு நம்பிட்டேன். டீச்சர் படிச்சவ. அவளுக்குத் தெரியாதா?"

யாக்குமிஸ் கடல் பக்கம் பார்த்தான்.

"சீரோஸ் தீவுல இதுக்குன்னு பார்க்கறவங்க இருக்காங்களாம்," என்றாள் அர்கிரோ. "சோதிச்சுப் பார்த்து, தனியாச் சொல்லிக் குடுக்க ஆள் அனுப்புவாங்களாம். சரியாயிடுமாம், சீக்கிரம் பார்த்தா. இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு இடம்தான் கிடைச்சிருக்கு, உங்க பொண்ணுக்குத்தான் எழுதியிருக்கேன்னு சொன்னா. கையெழுத்துப் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கப்பல். உங்க அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வலையைத் தூக்கி என் தலையில போடுவார்."

"ஒரு இடமா?"

"ஒண்ணே ஒண்ணு. அதிர்ஷ்டமாம்." அவள் சிரிக்க முயன்றாள். "உன்கிட்ட என்ன சொன்னா?"

"நல்லாத்தான்."

"நல்லாத்தான்னா?"

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டு பச்சைப் பைகள். ஒன்று முன்னால் ஓடி வந்தது, ஒன்று கடைசியில் நடந்து வந்தது.

முன்னால் வந்தவளின் தோளை அர்கிரோ பிடித்தாள். கம்பத்தைக் காட்டினாள். "இதைப் படி."

"எதுக்கும்மா?"

"படின்னா படி."

சிறுமி கழுத்தை நிமிர்த்திப் படித்தாள். ஊருக்கு மேற்கே இருந்த கொல்லரின் விதவை, வயது, கோயில், நேரம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். மூச்சு விடாமல் கடைசி வரி வரை போனாள். பாதிரியாரின் பெயருக்கு ஒரு கனத்த குரலும் கொடுத்தாள்.

"போதும்," என்றாள் அர்கிரோ. "இதைக் காலையிலயே கேட்டிருக்கே."

"இது இப்பதான் ஒட்டியிருக்காங்க. பசை இன்னும் ஈரமா இருக்கு, பாரு."

அர்கிரோ பசையைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், அவளை யாரோ கப்பலிலிருந்து இறக்கிவிட்டுப் போனதுபோல. "ஒண்ணும் புரியல," என்று மறுபடி சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகம் நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

யாக்குமிஸின் மகள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். தன்னையும் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று கம்பத்தைப் பார்க்காமல் இருந்தாள். பெரியம்மா தூரமாகப் போன பிறகுதான் வெளியே வந்தாள்.

"டீச்சரைப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேன்."

"திட்டினாங்களா?"

"இல்ல. போப்பி நல்லாப் படிக்கறான்னு சொன்னாங்க."

அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல நான் போப்பி இல்லப்பா. அவதான் போப்பி. ரெண்டு பேரும் ஒரே பேர்ல இருந்தா குழம்புதுன்னு டீச்சர் பிரிச்சுட்டாங்க. நான் கலியோப்பி."

அர்கிரோ தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கப்பல் சீட்டு வாங்கும் கடை அங்கேதான். வரச்சொல்லிக் கையை ஆட்டினாள்.

"அப்பா," என்றாள் மகள். "நீ யாரோட அப்பான்னு சொன்னே?"