கறுப்பு ஹம்பரின் வட்டக் கீறல்கள்

முத்தலிப் ஹாஜியாரின் கறுப்பு ஹம்பர் பழனிமுத்துவின் கராஜுக்குள் நுழைந்தபோது, காருக்குள் இருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அறுபத்து மூன்றாம் ஆண்டின் மாசி மாதம். மாத்தளையில் வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் இறங்கியவர் ஹாஜியார். யட்டவத்தையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. அடுத்து அவருடைய மனைவியின் தம்பி ஜைனுதீன் வெள்ளைச் சட்டையோடு நிதானமாக இறங்கினான். கடைசியாக டிரைவர் நுஹ்மான். அவன் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"பழனி, காரை வெயிலுக்கு எடுத்துப் பாரு. பாத்துட்டு இந்த அநியாயத்தைச் செஞ்சது யாருண்டு எனக்குச் சொல்லு" என்றார் ஹாஜியார்.

பழனிமுத்து ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் பன்னிரண்டு வருஷம் இலை அரைக்கும் மெஷினோடு நின்றவன். அந்தச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. வில்லங்கமான கேள்வி வந்தால் மற்றக் காதையும் அவனே மந்தமாக்கிக்கொள்வான். இப்போதும் "ஆங்?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, காரை வெயிலுக்கு நகர்த்தச் சொன்னான்.

வெயில் பட்டதும் விஷயம் தெரிந்தது. பொனெட், கதவு, மட்காட் எல்லாவற்றிலும் மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. நிழலில் ஒன்றும் இல்லை. வெயிலில் கார் முழுக்கச் சிலந்தி வலை. முந்தின நாள் சந்தையில் ஸஹாப்தீன் முதலாளி, "ஹாஜியார், காரை எட்டுக்கால் பூச்சிக்கு வாடகைக்கு விட்டீங்களா?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாருடைய மகளின் கலியாணம். மாப்பிள்ளை வருவதும் இந்தக் காரில்தான்.

"ரெண்டு பேர் மேல எனக்குச் சந்தேகம்" என்றார் ஹாஜியார். "ஒண்ணு, இந்த நுஹ்மான். கழுவுறவன் அவன். இண்டைக்கு வேலையால நிப்பாட்டிட்டேன். காரை இங்க கொண்டு வந்து விட்டுட்டு பஸ்ல போகச் சொல்லியிருக்கேன்."

"அல்லா மேல ஆணையா, நான் தண்ணி ஊத்திக் கழுவுறதோட சரி" என்றான் நுஹ்மான் மூட்டையை இறுக்கியபடி.

"மத்தது, இவன்."

"மச்சான், நான் இந்தக் காரை ஒரு நாளும் தொடச்சதில்லயே!" என்றான் ஜைனுதீன்.

"அது உண்மைதான். நீ வாழ்க்கையில எதையுமே தொடச்சதில்ல" என்று ஹாஜியார் அவனை அந்த நிமிஷமே விடுதலை செய்தார். மிஞ்சியது நுஹ்மான் ஒருவன்.

பழனிமுத்து காரைச் சுற்றி வந்தான். கூரையைப் பார்க்க ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறினான். கூரையின் நாலு ஓரங்களிலும் கீறல். நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ஒரு கீறலும் இல்லை, தூசிதான் படிந்திருந்தது. காரைத் துடைத்தவனுக்குக் கூரையின் நடுப்பகுதி எட்டவில்லை.

"நுஹ்மான், இந்த நடுவுல ஒரு இலை கிடக்கு, எடுங்க" என்றான்.

இலை எதுவும் இல்லை. நுஹ்மான் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி நடுக்கூரையைத் தொட்டு, அதற்கு அப்பாலும் தடவிப் பார்த்தான். ஜைனுதீன் அவனைவிட உயரம். பழனிமுத்துவின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. ஹாஜியாருடைய தொப்பியின் உச்சி கார்க் கூரையின் விளிம்புக்குச் சரியாக நின்றது.

"என்ன, ஆளைக் கண்டுபிடிச்சியா?" என்றார் ஹாஜியார்.

"ஆங்?"

"ஆளு! ஆளு யாரு?"

"மொதல்ல வேலையப் பாப்போங்க" என்று பழனிமுத்து பெட்டியிலிருந்து இறங்கி, பொலிஷ் மெஷினைத் தூக்கினான்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை விற்ற மெஷின் அது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முன்னால் சுழலும் தட்டுக்குச் செம்மறி ரோமத் தொப்பி மாட்டியிருக்கும். மாத்தளையில் இவன் ஒருவனிடம்தான் அப்படி ஒன்று இருந்தது. அதை ஓட்டினால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ரேடியோ கரகரவென்று இரையும். கடைக்காரர் அங்கிருந்து ஏசுவார். அதுவும் பழனிமுத்துவுக்குக் கேட்காது.

காரை நன்றாகக் கழுவித் துவட்டினான். பொனெட்டின் இடது பாதியில் பொலிஷ் பசையான வெள்ளைக் காம்பவுண்டைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மெஷினை அதன் மேல் படுக்க வைத்து, பொத்தானை அழுத்தினான். முதல் சுற்றிலேயே காம்பவுண்ட் தெறித்தது. ஜைனுதீனின் சட்டையும் தாடியும் புள்ளி மயமாயின.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பழனிமுத்து பிறகு சொன்னான்.

மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயின்ட் சூடேறிவிடும். விளிம்பில் அழுத்தினால் அடியில் இருக்கும் சிவப்புப் பூச்சு பல்லைக் காட்டும். நெல் துழாவுகிறவனைப் போல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே, இடையிடையே தண்ணீர் தெளித்தான். கை வேலை செய்தது; மனம் மட்டும், ஹாஜியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்தது. சொன்னால் கோபம். சொல்லாவிட்டால் நுஹ்மானுக்கு வேலை இல்லை. அவனுக்கு நாலு பிள்ளைகள் என்பது பழனிமுத்துவுக்குத் தெரியும்.

அரைமணி நேரத்தில் இடது பாதி முடிந்தது. கழுவின பஞ்சுத் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட்டு மெஷினை நிறுத்தினான். பொனெட்டின் வலது பாதியில் சிலந்தி வலை. இடது பாதியில் ஆழக் கிணற்றுத் தண்ணீர். அதற்குள் ஹாஜியார் தன் முகத்தைப் பார்த்தார். தாடியில் ஒவ்வொரு நரையும் தெரிந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார்.

அந்த நேரம் பார்த்து வீதியில் ஒரு லொறி போனது. தூசி எழும்பி வந்து பளபளத்த பொனெட்டில் மெல்லப் படிந்தது. ஹாஜியாரால் அதைப் பொறுக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை உருவினார். பொனெட்டின் மேல் குனிந்து, "ஹா" என்று ஆவி விட்டார். வட்டமாகத் தேய்த்தார். மறுபடி "ஹா." மறுபடி வட்டம்.

"ஐயோ, ஹாஜியார்!" என்று பழனிமுத்து கத்தியபோது காரியம் முடிந்திருந்தது. அவர் லேஞ்சியை எடுத்தார். வெயிலில், கிணற்றுத் தண்ணீரின் நடுவில், சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குப் புத்தம்புதிய சிலந்தி வலை ஒன்று இருந்தது.

நுஹ்மான் வானத்தைப் பார்த்தான்.

"மச்சான், அது..." என்று ஜைனுதீன் தொடங்கினான்.

"வாயை மூடு." ஹாஜியார் லேஞ்சியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இந்த லேஞ்சி சரியில்ல போல ஈக்குது."

பழனிமுத்துவுக்கு இனி செவிடாக இருக்க வழியில்லை. "லேஞ்சி நல்ல லேஞ்சிதாங்க. தூசியில மண்ணு இருக்குங்க. காய்ஞ்ச தூசி மேல துணியப் போட்டுத் தேச்சா, அந்த மண்ணு பெயின்டைக் கீறிடும். தண்ணி ஊத்தினா ஒண்ணும் ஆகாது" என்றான். குரலைத் தாழ்த்தி, "தெனமும் இப்படித் தொடைக்கிறீங்களா?" என்று கேட்டான்.

"இதெல்லாம் தொடைக்கிறதா? சும்மா ஒரு தடவு. விடியச் சுபஹ் தொழுதுட்டு வந்து ஒருக்கா. கடைக்குப் போக முந்தி ஒருக்கா. பகல் சாப்பாட்டுக்கு வந்தா..." ஹாஜியாரின் குரல் தேய்ந்து நின்றது.

அவர் காரின் பக்கவாட்டுக்குப் போனார். குதிகாலை உயர்த்தி, கையைக் கூரையின் மேல் நீட்டினார். பிறகு பழனிமுத்துவின் மரப்பெட்டியில் ஏறி, புதுத் தூசியில் தன் விரல் தடம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்தார். சிலந்தி வலை முடிந்த இடத்தில்தான் விரல் நுனியும் முடிந்திருந்தது. பெட்டியின் மேல் நின்றபடியே அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்துப் பழனிமுத்து ஓரடி பின்வாங்கினான். ஆனால் அது சிரிப்பு. கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"இலை கிடக்குண்டு அவனை எட்ட வெச்சியே, அப்பவே உனக்கு வெளங்கிட்டுது, என்ன?"

"ஆங்?" என்றான் பழனிமுத்து, பழக்கதோஷத்தில்.

ஹாஜியார் பெட்டியிலிருந்து இறங்கினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். நுஹ்மானின் கையிலிருந்த மூட்டையை வாங்கி, தானே காரின் பின் சீட்டில் வைத்தார். "பஸ்ல போக வேணாம். பஸ்ல சரியான சனம்" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய முன் கார் முழுவதும் பொலிஷ் ஆகி, மெழுகும் பூசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதில் வந்து இறங்கினார். ஸஹாப்தீன் முதலாளி காரை இரண்டு முறை சுற்றி வந்தும் வாயைத் திறக்கவில்லையாம்.

மூன்று கிழமை கழித்து நுஹ்மான் கராஜுக்கு வந்தான். ஹாஜியாரின் மனைவி றாபியா அனுப்பியிருந்தாள்.

"மாமி ஒரு வழி கேக்குறாங்க. ஹாஜியார் இப்ப காரைத் தொடுறதில்ல. அலுமாரி, மேசை, கட்டில், தையல் மெஷின், எல்லாத்துக்கும் 'ஹா' விட்டுத் தேய்க்கிறார். நேத்து மாமியோட மூக்குக் கண்ணாடியை அவங்க போட்டிருக்கக்குள்ளேயே தேய்க்கப் பாத்தார்."

பழனிமுத்து மெஷினின் ரோமத் தொப்பியைக் கழற்றி உதறினான்.

"டயரைத் தொடைக்கச் சொல்லுங்க" என்றான். "அது எவ்வளவு தேச்சாலும் தாங்குங்க."