அந்தோனியார் தேடிய வால்

கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், பூனை வளர்ப்பவர் ஒருவரிடம் அந்தக் குட்டியைத் தெரிவுசெய்தது நான்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அதுதான் என்னைத் தெரிவுசெய்தது. ஜப்பான் பொப்ரெயில் என்னும் உயர்ந்த இனம், வாலே குட்டைதான். ஒரு குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தது, இன்னொன்று நித்திரை. மூன்றாவது நேரே வந்து, என் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை இழுத்தெடுத்துக் கவ்விக்கொண்டு அறையைச் சுற்றி ஓடிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மடியில் போட்டது. கண் தெளிவு, காது சுத்தம், வெள்ளை மேனியில் கறுப்பும் செம்மஞ்சளும். பின்னால், முயலிடம் இரவல் வாங்கியது போலப் பெருவிரல் அளவில் ஒரு வால், நுனியில் ஒரு சுருள். ஓய்வு பெறும்வரை குறிகட்டுவான் துறையில் லோஞ்சுப் படகு ஓட்டியவன் நான். நெடுந்தீவுக்குப் பின்னால் சூரியன் விழுவதை ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்த வாலுக்கு முன்னால் அந்தச் சூரியன் ஒன்றுமில்லை.

பிறப்பிலேயே இப்படித்தான், உள்ளே எலும்பு ஒட்டியிருக்கிறது, இழுத்து நிமிர்த்தினால் நோகும் என்று வளர்ப்பவர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஊருக்குப் போகும் கரம்பொன் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மயில்வாகனம் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, உதின்ரை வால் எங்கை?"

"ஜப்பான் சுங்கத்திலை மறிச்சுப்போட்டாங்கள். பின்னாலை வரும்."

அவன் சிரிக்கவில்லை. நான் படலையைத் திறக்கும் முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. என் மனைவி அல்போன்சம்மா குட்டியைத் தூக்கினாள், திருப்பினாள், பின்பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முழுப் பூனையாய் வாங்க ஏலாமல் போச்சே, அப்பா?"

"உயர்ந்த இனம், அல்போன்சம்மா. உதின்ரை பூட்டன்ரை பேர்கூடச் சொன்னவை. என்ரை பூட்டன்ரை பேரே எனக்குத் தெரியாது."

"பூட்டனுக்கு வால் இருந்ததோ எண்டு கேட்டனீங்களே? ஆரோ வெட்டிப்போட்டு உங்கடை தலையிலை கட்டியிருக்கிறாங்கள்."

எங்கள் கோவிலில் அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வெள்ளிக் கண்களும் வெள்ளிக் கால்களும் தொங்கும். சுகம் கிடைத்தவர்கள் சாத்துவது. காணாமல் போனதை எடுத்துத் தருவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்று பின்னேரமே அல்போன்சம்மா அவரிடம் போய்விட்டு வந்தாள்.

"நேத்தி வைச்சிட்டன். அவரின்ரை திருநாளுக்குள்ளை வால் வந்தால் வெள்ளியிலை ஒரு வால் செய்து சாத்துவன். வராட்டில் வெட்டினவனிட்டையே கொண்டுபோய்க் குடுங்கோ."

"அதுவரைக்கும் ஒரு பேராவது வைப்பமே?"

"வால் வரட்டும், பேர் வைப்பம்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலை குசினியில் நல்லெண்ணெய் காய்ந்தது. ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அல்போன்சம்மா செய்ததுதான். பிறந்த குழந்தையைக் கால்களில் போட்டு எண்ணெய் பூசி, மூக்கை நீவி, கையைக் காலை இழுத்துவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதே போலக் குட்டியையும் நீட்டிய கால்களில் போட்டு, வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. அது போட்ட கத்தலில் காரைநகரில் நங்கூரம் கழன்றிருக்கும். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"இழுக்காதையும். உள்ளுக்கை எலும்பு ஒட்டியிருக்கு. நோகும்."

சட்டென விட்டுவிட்டாள். முகம் செத்துப்போனது. பிறகு அவள் இழுக்கவில்லை; விரலை மட்டும் அந்தச் சுருளில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அதற்குப் பிறகு குட்டியைப் பார்க்க எனக்கு முறை கிடைக்கவில்லை. முள் எடுத்து, உப்பில்லாமல் அவித்த பாரை மீன்; கிழமைக்கு ஒருக்கால் சீப்பு; யாழ்ப்பாணத்தில் தடுப்பூசி; றோட்டுப் பக்கம் விடக்கூடாது. இந்த இனம் கதைகாரி. அல்போன்சம்மா ஒன்று சொன்னால் அது இரண்டு சொல்லும். குசினியில் விடிய முதல் வாக்குவாதம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மறுமொழியெல்லாம் அதற்குக் கிடைத்தது. அவள் பூசைக்குப் போய்த் திரும்பினால் போதும், அந்தக் குட்டை வால் மணி நாக்குப் போல ஆடும்.

ஆனால் ஒருநாள் அவள் பனையோலை நறுக்கு ஒன்றை வாலோடு வைத்து அளப்பதைக் கண்டேன். வளர்ந்ததா என்று பார்க்கிறாள். நேரே கோவிலுக்குப் போய் அதே அந்தோனியாரிடம், வால் வராவிட்டாலும் குட்டி எங்களோடுதான் இருக்கவேண்டும் என்று எதிர்வழக்குப் போட்டேன்.

திருநாள் விடிந்தது. வால் ஒரு மயிர் அளவும் வளரவில்லை. கொழும்புக்குப் போகும் என் பையைக் கதிரையில் வைத்தேன், கூடையைத் திறந்தேன். குட்டி தானாகவே ஏறிக் குந்திக்கொண்டது. அதைப் பார்க்க ஏலாமல் நான் சுவரைப் பார்த்தேன்.

அல்போன்சம்மா சேலை உடுத்து வந்து கைலேஞ்சி முடிச்சைப் பிரித்தாள். உள்ளே, அந்த ஓலை நறுக்கு அளந்த அதே பெருவிரல் அளவில் ஒரு வெள்ளி வால், நுனியில் அதே சுருள்.

"வால் வளரேல்லையே?" என்றேன்.

"காணாமல் போனதைத்தானே அவரிட்டைக் கேக்கலாம். இதிலை ஒண்டும் காணாமல் போகேல்லை. வெட்டினால் தழும்பு இருக்கும், என்ரை விரலுக்குத் தெரியாதே? மனுசன், இல்லாத ஒண்டைத் தேடித் திரிஞ்சிருக்கிறார், பாவம். அவர் பட்ட பாட்டுக்குத்தான் இது." கூடைப் பக்கம் குனிந்தாள். "அஞ்சலா, இறங்கு. கூடை வேணும், கோவிலுக்குப் பூக் கொண்டுபோக."

இப்போது சுருவத்தின் காலடியில், கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில் அந்த வால் தொங்குகிறது. திருநாள் பார்க்க வந்த மயில்வாகனம் கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, உந்த வால் ஆரின்ரை?"

"சொன்னனான்தானே," என்றேன், "பின்னாலை வரும் எண்டு."