ஊதாத் தண்டு

1

இந்தக் கதை என் நாத்தனாரின் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிறந்தது. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். பால்கனியில் நின்று தன் மகனின் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவள், பேச்சுவாக்கில் என் தொட்டியிலிருந்து ஒரு தக்காளி நாற்றைச் சுண்டி எடுத்து, விரலில் உருட்டிக் கீழே போட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, எதுக்கு அதைப் பிடுங்கினே?"

"எதை?"

சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. கீழே கிடந்ததைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு அசடு வழிந்தாள். "அது மட்டும் தண்டு ஊதாவா இருந்திருக்கு அண்ணி. மத்ததெல்லாம் பச்சை. கை தானாப் போயிடுச்சு."

அவள் இப்போது புதிய பயிர் ரகங்களைச் சோதிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அதற்கு முன்பு ஒரு விதைப் பண்ணையில் இருந்தாள். கூட்டத்தோடு ஒத்துப்போகாத செடிக்கு அங்கே கலவன் என்று பெயர். கண்ட இடத்தில் பிடுங்கிவிட வேண்டும். அந்த வேலையை விட்டு வந்தாலும் வேலை அவளை விடவில்லை.

அன்றிலிருந்து அந்த விரல்கள் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன்: இந்தக் கதையில் எழுதிய எதையும் நான் பிடுங்கப் போவதில்லை. தேறாத வரிகள் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கும். கால் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

[அதிகாலைப் பனித்துளிகள் இளந்தளிர்களின் மேல் —]

பனித்துளிக்கும் எனக்கும் ஆகாது. அடுத்தது.

[பயிர் ரகப் பாதுகாப்பு என்பது உலக நாடுகள் தமக்குள் செய்துகொண்ட —]

பரீட்சைக்கு எழுதுவதுபோல இருக்கிறது. ஆனால் சொல்லாமலும் முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பாடுபட்டுப் புது ரகம் ஒன்றை உண்டாக்கினால், சில வருடங்களுக்கு அதன் விதையைப் பெருக்கி விற்கும் உரிமை அவருக்குத்தான். அதற்கு முன்னால் அந்த ரகம் மண்ணில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து வேறுபட்டதா? எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கிறதா? மறுபடி விதைத்தாலும் மாறாமல் வருமா? ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், ஒரு நாடு செய்த சோதனையின் அறிக்கையை மற்றவை வாங்கிக்கொள்ளவும் செய்யும். ஆகவே ஒரு கூடாரத்தில் ஒருவர் எழுதும் வரி, அவர் கண்ணால் காணாத ஊர்களிலும் ஒரு ரகத்தின் தலையெழுத்தாகிவிடலாம்.

(நாத்தனார், தொலைபேசியில்: "தலையெழுத்துன்னெல்லாம் எழுதி எங்க வேலைக்கு உலை வெச்சிடாதீங்க அண்ணி. அது சாதாரண அறிக்கை." எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

3

அவளை நிலையத்தில் எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். என் நாத்தனார் இல்லை, வேறொருத்தி. நான் கற்பனை செய்தவள். யாரிடமும் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்காதவள், முகத்துக்கு நேரே சிரிக்கவும் யோசிப்பவள்.

நிழல்வலைக் கூடாரத்தில் அவள் முன்னால் ஒரு குழித்தட்டு. குழிக்கு ஒன்றாக இருபது தக்காளி நாற்றுகள். தட்டின் ஓரத்தில், ஏதாவது அழுகிச் செத்தால் மாற்றி நடுவதற்கென்று சில உதிரி நாற்றுகள். இந்த ரகத்தின் தண்டு பச்சையாகத்தான் இருக்க வேண்டும். இருபதில் ஒரு கலவன் இருந்தால் மன்னிப்பு உண்டு. இரண்டு என்றால் ரகம் சீராக இல்லை என்று அர்த்தம். ஏற்கெனவே ஒன்று ஊதாத் தண்டோடு முளைத்திருந்தது. தராசு அதற்குச் சிவப்புச் சீட்டுக் கட்டியிருந்தாள். மீதியை இன்னும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவில்லை.

ரகத்தை உண்டாக்கிய விதைக்காரர் அன்று பார்வையிட வந்திருந்தார். பார்க்கலாம், தொடக்கூடாது. அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். போன தடவை கலவன் அதிகமாகித் தோற்றுப்போன ரகம் இது. இதுதான் கடைசி வாய்ப்பு. அவருக்குக் கண்ணில் அறுவை நடந்ததால், இந்த முறை விதை பொறுக்கியது முழுக்க அவர் மகள். வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவள். வெளியே நின்று, விதைப் பொட்டலம் அச்சடிப்பது பற்றி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

தராசு சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடத் திரும்பினாள். மறுபடி திரும்பியபோது ஒரு குழி காலியாக இருந்தது. விதைக்காரரின் கை முன்னால் வந்திருந்தது. நகத்தில் ஈரமண்.

"ஐயா, கையைப் பாருங்க."

அவர் பார்த்தார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"நான் பிடுங்கலம்மா" என்றார், பிடுங்கிய நாற்றைக் கையில் வைத்துக்கொண்டே.

அதன் தண்டு ஊதா.

4

[அவர் ஓரக்கண்ணால் தராசின் முதுகை அளந்துவிட்டு, சமயம் பார்த்து —]

இது முதல் வரைவு. அதில் அவர் தில்லுமுல்லுக்காரர். எழுத எழுத எனக்கே சலித்துவிட்டது. திருடன் என்றால் கதை அங்கேயே முடிந்துபோகிறது. வாழ்நாள் முழுக்கக் கலவன் பிடுங்கிய கை அது. அவரைக் கேட்காமலே போயிருக்கலாம். கேட்டுக்கொண்டும் போயிருக்கலாம். நகத்து மண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. அவரைப் படைத்தவள் நான், எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் தெரியவில்லை.

நாத்தனாரிடம் கேட்டேன், நீயாக இருந்தால் அவரை நம்புவாயா என்று.

"நம்புவேன். ஆனா நம்பினதை எழுத முடியாதே அண்ணி. பார்த்ததைத்தான் எழுதணும்."

சரி, கூடாரத்துக்குத் திரும்புவோம். விதைக்காரர் மன்றாடுவார் என்று எதிர்பார்த்துத்தான் தராசு முகத்தை இறுக்கிக்கொண்டாள். அவர் மன்றாடவும் செய்தார், ஆனால் அவள் நினைத்த திசையில் இல்லை.

"பெயிலாக்கிடுங்கம்மா. அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா ரெண்டு கலவன்னு மட்டும் எழுதாதீங்க. கிழவன் வந்து தட்டுல கை வெச்சுக் கெடுத்துட்டான்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா உங்க பேரே கெட்டுடும் ஐயா. இனிமே நீங்க எந்த ரகம் கொண்டு வந்தாலும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க."

"கெடட்டும். இனிமே பேரை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? விதை அவ பொறுக்கினது. அவளாலதான் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாம்மா. அப்புறம் விதையையே தொட மாட்டா."

தராசுக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, அந்தக் குழாய்மேல். அது சொட்டாமல் இருந்திருக்கக் கூடாதா?

5

[                    ]

6

அவள் என்ன எழுதலாம்? நானும் அவளோடு சேர்ந்து தவித்துப் பார்த்துவிட்டேன்.

'கலவன் இரண்டு' என்று எழுதலாம். உண்மை. மகள் உடைந்து போவாள்.

'விண்ணப்பதாரர் நாற்றைப் பிடுங்கினார்' என்று மட்டும் எழுதலாம். அதுவும் உண்மை. அப்பா உடைந்து போவார், மகள் முன்னால் தலைகுனிந்து நிற்பார், உள்ளுக்குள் நிம்மதியாக.

இரண்டையும் எழுதலாமே என்பீர்கள். முறைப்படி அதுதான் சரி. ஒரே வரியில் இரண்டு பேரையும் முடித்துவிடலாம்.

[அவள் உதிரி நாற்று ஒன்றை எடுத்துக் காலிக் குழியில் நட்டு, 'நாற்றழுகல், மாற்றி நடப்பட்டது' என்று —]

இந்த முடிவின்மேல் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். உதிரி நாற்றுகள் எல்லாம் பச்சைத் தண்டோடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஒரு நிமிட வேலை. பல நாடுகளுக்கு நல்ல அறிக்கை போகும். நானும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் தராசின் கையை நாலு தடவை அந்த உதிரியை நோக்கி நகர்த்திப் பார்த்தேன். போக மறுக்கிறது. விதைக்காரர் கை கேட்காமலே போனது, இவள் கை கெஞ்சினாலும் போகவில்லை.

7

மகள் உள்ளே வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை.

"அப்பா, முடிஞ்சுதா? அச்சகத்துல கேக்கறாங்க."

அவர் கையை மூடிக்கொண்டார். ஆனால் அவளும் அந்த வீட்டுப் பெண்தானே. அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் முதலில் பார்த்தாள். சிவப்புச் சீட்டு. காலிக் குழி. பிறகு அவர் முஷ்டி.

"என்னப்பா கையில?"

"ஒண்ணுமில்லடா."

அவள் அவரை விட்டுவிட்டுத் தராசின் பக்கம் திரும்பினாள். கேள்வி தெளிவாக இருந்தது.

"மேடம், அதோட தண்டு என்ன நிறம்?"

இப்போது காலியாகக் கிடக்கும் ஐந்தாம் பகுதியில், இதற்குத் தராசு சொல்லும் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். எதையும் பிடுங்க மாட்டேன் என்று சொன்னேன்தான். நேற்று மதியம் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது, அது மட்டும் மற்றதோடு ஒத்துப்போகாமல் நின்றது. கை தானாகப் போய்விட்டது. தானாகத்தான் போனதா என்று கேட்காதீர்கள்.

இப்போது கூடாரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். அப்பா சொல்ல மாட்டார். தராசு இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆனால் மூன்றாம் பகுதியின் கடைசி வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அவர் கையை மூடுவதற்கு முன்னால் நீங்களும் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்தது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.