அருவிக்குக் கைதட்டியவர்கள்

என் வீட்டுக்காரருக்கு ரொட்டி அடுப்பில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது மாவு பிசைவார், ஊர் விழித்தால் படுப்பார். காதில் பஞ்சு, கண்ணில் கறுப்புத் துணி. அப்படிப் படுத்த மனிதரை எழுப்ப இடியாலும் முடியாது, என்னாலும் முடியாது. விடுமுறைக்கு ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வந்த இடத்திலும் உடம்பு பழைய வழக்கத்தை விடவில்லை. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, காலையில் பிள்ளைகள் ரயில், ரயில் என்று குதித்தபோது அவருக்குக் கண் சொருகியது.

"நீ கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன். நான் கொஞ்ச நேரம் கண்ண மூடறேன்."

"மூடுங்க, மூடுங்க. மலை எங்க ஓடிடப் போகுது?" என்றேன்.

கோபம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மற்றக் கூடாரங்களில் பாட்டும் கூத்துமாக இருந்ததால், எங்களுடையதை முந்தின நாளே தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் போட வைத்தவள் நான். கிளம்பும்போது, வீட்டுக் கதவில் மாட்டுகிற அட்டையையும் கூடாரத்து வாசலில் தொங்கவிட்டேன். 'தூங்குகிறார். எழுப்பாதீர்கள்.' அதைக்கூட மறக்காமல் எடுத்து வந்திருந்தேன் பாருங்கள், அவ்வளவு பொறுப்பு எனக்கு.

சின்ன ரயில். நடக்கிற ஆள் முந்திவிடுகிற வேகம். மலையேறி, அருவிக்கு எதிரே பாலத்தைத் தாண்டி, அடுத்த சரிவு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். பெரியவனுக்கு ஆறு வயது, ஜன்னலை விட்டு நகரவில்லை. சின்னவளை நாங்கள் வாலு என்போம். ஏறியதும் பசி என்றாள், பிஸ்கட் கொடுத்ததும் தாகம் என்றாள், தண்ணீர் குடித்ததும் ஒண்ணுக்கு என்றாள்.

பாலத்தில் எங்கள் மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் மழைமேகத்தில் கறுத்துக் கிடந்தது. டிக்கெட்டில் இருந்த படத்தில் அருவி வெள்ளை நூலாகத் தெரிந்தது. நேரில் அது செம்மண் கரைத்த நிறத்தில், கிளைகளோடு புரண்டு விழுந்தது. பெட்டியே எழுந்து கைதட்டியது.

"நமக்கு யோகந்தான். இப்படிப் பாக்க எல்லாருக்கும் கிடைக்காது" என்றார் முன் சீட்டுத் தொப்பிக்காரர்.

வாலு தட்டினாள், நானும் தட்டினேன். அப்போது ஒரு முழு மரம் வேரோடு விழுந்தது. அது போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அப்புறம் கீழே. கீழே யார் படுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃபோனில் சிக்னல் இல்லை. பிள்ளைகளைத் தொப்பிக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரயில் கார்டிடம் ஓடினேன்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. கீழ ஆத்தோரம் கூடாரத்துல என் வீட்டுக்காரர் தூங்கறார்."

கார்டு எட்டி ஆற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நிறுத்தினா எங்கம்மா இறங்குவீங்க? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். இருங்க, சொல்லிப் பாக்கறேன்."

வயர்லெஸ்ஸில் கத்தினார். கரகரப்பு. மறுபடி கத்தினார். பிறகு என்னிடம் திரும்பி, "ஆள் அனுப்பியிருக்காங்களாம்மா, கவலப்படாதீங்க" என்றார்.

நான் மின்சார அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுப்பவள். நாள் பூரா நான் சொல்கிற வாக்கியம் அதுதான். ஆள் அனுப்பியிருக்கோம். சில சமயம் ஆள் கிளம்பியிருப்பான், சில சமயம் டீ குடித்துக்கொண்டிருப்பான், சில சமயம் அப்படி ஓர் ஆளே இருக்க மாட்டான். மறுமுனையில் இருப்பவர்கள் ரொம்ப நன்றிம்மா என்பார்கள். நானும் "ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

உடனே பயம் பிடுங்கியது. "அண்ணே, அவர் காதுல பஞ்சு வச்சிருப்பார். கூப்பிட்டா கேக்காது, உள்ள போய் உலுக்கணும். வாசல்ல அட்டையப் பாத்துட்டுத் திரும்பிடப் போறாங்க. அதையும் சொல்லுங்க."

அவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மலை குறுக்கே வந்துவிட்டது. கரகரப்புகூட நின்றுபோயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "அப்பாதான் அருவியப் பாக்கல, பாவம்" என்றான் பெரியவன். "நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வருவோமாம்மா?"

"வருவோம்டா."

"ஏம்மா அழற?"

"தூசி."

ரயில் ஊர்ந்தது. உட்கார்ந்தபடியே நான் காலால் தரையை உந்திக்கொண்டிருந்தேன், அதனால் ரயில் வேகமாகப் போய்விடும் என்பதுபோல. விளையாட்டு என்று நினைத்து வாலுவும் உந்தினாள்.

கடைசி வளைவில் பள்ளத்தாக்கு திறந்தது. எங்கள் கூடாரம் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுச் சாலையில் ஆட்கள் எறும்பாக நின்றார்கள்.

"எல்லாரையும் மேல ஏத்திட்டாங்க போல" என்றார் பின்னால் வந்து நின்ற கார்டு. அந்தப் 'போல' மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"அதோ அப்பா!" பெரியவன் மரத்தடியில் ஒரு புள்ளியைக் காட்டினான்.

"அது இல்ல. அங்க நிக்கறதுதான் அப்பா!" வாலு வேறொரு புள்ளியைக் காட்டினாள்.

"போடி, உனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் அவன் முடியைப் பிடித்தாள். "அம்மா, நீ சொல்லு. எது அப்பா?"

ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி பெரிய புள்ளியாயிற்று, அவ்வளவுதான்.

"ரெண்டு பேருக்குமே கை காட்டுங்க" என்றேன்.

காட்டினார்கள். கீழே யாரோ ரயிலைப் பார்த்துக் கை தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். பிறகு சாலை நெடுக எல்லாக் கைகளும் அசைந்தன.

"அப்பா பாத்துட்டார்!" சண்டையை மறந்து இரண்டும் சிரித்தன.

ரயில் குகைக்குள் நுழைந்தது. இருட்டியதும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.