மதலைமுத்து அனுப்பிய மீன்கள்

1963 ஐப்பசியில் செஞ்சிக்குக் கடல்மீன்கள் காற்றில் நீந்தி வரத் தொடங்கின. வெள்ளிக்கிழமை காலையில் திண்டிவனம் ரோட்டு வழியாக ஆள் உயரத்தில் வந்து, பஸ் ஸ்டாண்டைக் கடந்து, தேவசகாயம் வீட்டு வாசலில் இறங்கும். பஜாரில் அன்றும் கத்தரிக்காய் வழக்கமான விலைக்குத்தான் விற்றது.

தேவசகாயம் கடல்மீன்களின் நோயை ஆராய்கிறவர். துடுப்பில் வெள்ளை வெள்ளையாக மரு முளைப்பது வைரஸால்தான் என்று நிறுவ நினைத்தார். தம்பி மதலைமுத்துதான் மரக்காணத்தில் கட்டுமரம் ஏறி மீன் பிடித்து வருவான். மரு உள்ளதன் வாலில் சிவப்பு நூல், இல்லாததற்கு வெள்ளை நூல் கட்டுவான். புயல் வருகிறதென்று கரையில் எல்லாரும் தடுத்த நாளில், அண்ணன் அவசரமாகக் கேட்டாரே என்று போனான். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது.

காற்றில் வந்த மீன்களின் வாலிலும் நூல் இருந்தது. தாய் சவரியம்மாள் முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புள்ள போட்ட முடிச்சுதான்டா இது. வேலைய முடிச்சிட்டு வந்துடுவான்."

அதுவரை கஞ்சிகூடத் தொடாதவள் அன்று சாப்பிட்டாள். வீட்டுச் சுவர்களில் உப்புப் பூத்தது. பகலிலேயே கூடத்தில் ஈரக் காலடிகள் தெரியும். தேவசகாயம் அவற்றை மிதிக்காமல் நடந்தார்.

மருவை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உயிரணுக்கள் வெந்த சவ்வரிசிபோல ஊதியிருந்தன. வைரஸ் அந்தக் கண்ணாடிக்கு எட்டாது. அதனால் மருவை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டிருந்த நல்ல மீன்களின் துடுப்பில் ஏற்றினார். மெல்ல அவற்றுக்கும் மரு முளைத்தது.

"கண்டுபிடிச்சிட்டேம்மா! வேலை முடிஞ்சிடுச்சு!" என்று வீடு அதிரக் கத்தினார்.

அடுத்த வெள்ளி மீன் வரவில்லை. மதலைமுத்தும் வரவில்லை. கூடம் காய்ந்து கிடந்தது. சவரியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவன ரெண்டாம் வாட்டியும் நீதான்டா தொலைச்சே."

தேவசகாயம் திண்டிவனம் ரோட்டுக்குப் போய்க் கிழக்கே பார்த்து நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டுச் சொன்னார்:

"தம்பி, மரு இல்லாத மீன்லயும் அது ஒளிஞ்சிருக்குதான்னு பாக்கணும்டா. வேலை இன்னும் முடியல."

பொய்யில்லை. கடலில் உள்ள அத்தனை மீனையும் யார் பார்த்து முடிப்பது?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மீன்கள் வந்தன. சவரியம்மாள் எழுந்து அடுப்பு மூட்டினாள். அதற்குப் பிறகு தேவசகாயம் எந்த முடிவையும் வீட்டில் வாய்திறந்து சொன்னதில்லை.

அறுபத்தெட்டில் புதிதாக வந்த கண்டக்டர், நடுரோட்டில் பஸ் ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

"மீன் போவுது" என்றார் டிரைவர் விநாயகம், இன்ஜினை அணைத்துவிட்டு.