எதிர் மூலையில் மார்லிஸ்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் எங்கள் ஊரில், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க யாரும் வாக்குச்சீட்டுப் போடுவதில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரிக் குளிரில், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் வேட்பாளருக்கொரு மூலையாகப் பிரிந்து நிற்போம். ஆள் போதாத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் வந்து கெஞ்சிக் கூட்டிப் போவார்கள்.

எனக்கு வேண்டியது அந்தக் கெஞ்சல்தான். பெரிய மூலைக்கு எப்போதும் மார்லிஸ்தான் தலைவி. என்னை விவாகரத்து செய்தவள். "உன்கிட்ட கேள்வி கேட்டா பிரசங்கம் வருது ஆர்லோ, பதில் வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் நான் நீண்ட மறுப்புரை ஒன்று வழங்கினேன்.

அதனால் ஒவ்வொரு முறையும் தேறவே தேறாத வேட்பாளராகப் பார்த்து அவர் மூலையில் நிற்பேன். மூலை கலையும். மார்லிஸ் வந்து என் கோட்டுக் கையைப் பிடித்து, "எங்க பக்கம் வந்துடேன்" என்பாள். நாட்டின் எதிர்காலத்துக்காகத்தான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் அடுத்த தேர்தல்வரை எனக்கு அது தாங்கும்.

இந்த முறை நான் பிடித்தது, மாட்டு வைத்தியராக இருந்து செனட்டரான ஒருவரை. அவர் மூலையில் நானும் ஒரு குட்டி நாற்காலியும் மட்டும். பேச முறை வந்தபோது ஏதாவது உளறிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன்.

"மாடு வாயத் தொறந்து சொல்லாது. அதனால இவரு பொறுமையா பாத்து, கவனிச்சு, அப்புறந்தான் ஊசி போடுவாரு. நான் அப்படிப்பட்டவன் இல்ல. அதனால எனக்கு என்ன போச்சுன்னு இந்த ஊருக்கே தெரியும்."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. பிறகு, கடவுளே, என்னை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார்கள். முதல் ஆள் பக்கத்துப் பண்ணை டுவெய்ன்.

"நீ எங்கடா வர்ற? உனக்கு மார்லிஸோட வேட்பாளரத்தானே பிடிக்கும்?"

"பிடிச்சுது. இப்ப மாட்டு டாக்டர பிடிக்குது."

"வேணாம், போ, போ."

"ஆதரவு கேட்டுட்டு வெரட்டி விடற ஒரே ஆளு நீதான்யா!"

தலைகளை எண்ணினார்கள். என் மூலை தேறிவிட்டது. மார்லிஸின் மூலை தேறவில்லை.

"போய் அவளக் கூப்பிடு" என்று டுவெய்ன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "அவ வந்தா கட்சி மாநாட்டுக்கு அனுப்ப நமக்கு இன்னொரு பிரதிநிதி கெடைக்கும்."

கூடத்தைக் கடந்து போனேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன பேச்சாளரே, எனக்கு ஒண்ணும் பேச்சு கிடையாதா?"

"நீ... என்ன நெனைக்கிற மார்லிஸ்?"

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். கிணற்றுத் தண்ணீரில் உரம் இறங்குவதை. தங்கை ஊரில் பிரசவ ஆஸ்பத்திரியை மூடியதை. தலைவர்கள் வருகிறார்கள், பன்றிக்கறி தின்கிறார்கள், போகிறார்கள் என்பதை. இடையிடையே எனக்கு அருமையான மறுப்புகள் தோன்றின. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்ததாக அறிவித்தார்கள். எந்த மூலையிலும் அவள் கணக்கில் சேரவில்லை. டுவெய்ன் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தான்.

மார்லிஸ் கோட்டை மாட்டினாள்.

"நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"கூப்பிடத்தான் வந்தேன். நீ பேசிட்டிருந்த."

"ஆமா." சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "நீ கேட்டுட்டிருந்த."

வெளியே, தன் வண்டியின் முன்கண்ணாடியில் தன் பக்கத்துப் பனியை மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பினாள். பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்த பாதி வெள்ளையாகவே போயிற்று.